ஈபோல் தூங்குகிறது, தகவல் உள்ளே கிடக்கிறது: நான்-பிளாக்கிங் டிஎல்எஸ் சாக்கெட்டைப் படிப்பது

கேள்வி சுருக்கமாக இது. வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால்களின் மதகுகளில் நீர்மட்டக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவை சிம் கார்டு வழியாக, தஞ்சாவூரில் உள்ள ஒரு லினக்ஸ் சர்வருக்கு மணிக்கு ஒருமுறை டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய) இணைப்பில் அளவுகளை அனுப்புகின்றன. சர்வர் சி மொழியில் எழுதியது. டிஎல்எஸ்ஸுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 3 நூலகம், தகவல் இல்லாவிட்டால் காத்து நிற்காமல் உடனே திரும்பும் நான்-பிளாக்கிங் சாக்கெட், எந்த சாக்கெட் தயார் என்று கர்னல் சொல்லும் ஈபோல். கோடையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு அளவு எடுத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்ததும் நிமிஷத்துக்கு ஒரு அளவு என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்பிலும் பின்பாதி அளவுகள் வராமல் நின்று, அடுத்த மணிநேரத் தொகுப்போடுதான் வந்து சேர்கின்றன. இது போக, எப்போதாவது ஒரு சிபியு கோர் நூறு சதவீதத்தில் சுற்றுகிறது. ஈபோலில் ஏதோ பிழை இருக்குமோ என்று கேள்வி எழுதியவர் கேட்கிறார்.

ஈபோல் மேல் தப்பில்லை. அது பார்ப்பது கர்னலின் வரவு வரிசையை மட்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த வரிசையிலிருந்து எடுத்து, மறைகுறியைப் பிரித்து, தன் சொந்த பஃபரில் வைத்திருப்பதைப் பற்றி ஈபோலுக்கு ஒன்றும் தெரியாது. ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று தலைப்பில் நின்று பார்ப்பவருக்கு, மதகைத் தாண்டி வயல் வாய்க்காலில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் கண்ணில் படுமா? அதே கதைதான். சாக்கெட் தயாரா என்பது ஒரு கேள்வி, டிஎல்எஸ் தயாரா என்பது இன்னொரு கேள்வி. நான்-பிளாக்கிங் டிஎல்எஸ்ஸில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

பைட் கணக்கில் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். கேள்வியில் ஒரு அளவு 40 பைட், வாசிக்கும் பஃபர் 1024 பைட் என்று இருக்கிறது. கோடையில் மணிக்கு 12 அளவு, அதாவது 480 பைட். ஒரே எஸ்எஸ்எல்_ரீட் அழைப்பில் தீர்ந்துவிடும். பிழை வெளியே தெரிய வழியே இல்லை. இப்போது 60 அளவு, 2400 பைட். கருவி இதை ஒரே எஸ்எஸ்எல்_ரைட் அழைப்பில் கொடுத்தால் ஒரே ரெக்கார்டாக, அதாவது டிஎல்எஸ் ஒன்றாகப் பூட்டி அனுப்பும் ஒரே கட்டாகப் போகும், ஏனென்றால் ஒரு ரெக்கார்டில் 16,384 பைட் வரை அடங்கும். டிஎல்எஸ் 1.3-இல் ஏஇஎஸ்-ஜிசிஎம் மறைகுறி முறையில் அதோடு உள்ளடக்க வகைக்கு 1 பைட், சரிபார்ப்பு முத்திரைக்கு 16 பைட் சேர்ந்து 2417 ஆகிறது. முன்னால் தலைப்பு 5 பைட். ஆக கம்பியில் வருவது 2422 பைட்.

சர்வரில் எஸ்எஸ்எல்_ரீட் 1024 பைட் கேட்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் முதலில் 5 பைட் தலைப்பை எடுக்கும், நீளம் 2417 என்று பார்த்து அவ்வளவையும் எடுக்கும். முழு ரெக்கார்டும் கைக்கு வராமல் முத்திரையைச் சரிபார்க்க முடியாது, சரிபார்க்காமல் ஒரு பைட்டைக்கூட வெளியே தராது. ஆகவே 2422 பைட்டும் கர்னலை விட்டு வெளியேறிவிட்டன. உங்களுக்குக் கிடைத்தது 1024: முழுசாக 25 அளவு, 26ஆவது அளவில் 24 பைட். மீதி 1376 பைட், அதாவது 26ஆவதன் வால் 16 பைட்டும் 34 முழு அளவுகளும், நூலகத்துக்குள் கிடக்கின்றன. கர்னல் வரிசை காலி. ஈபோல்_வெயிட் நிம்மதியாகத் தூங்குகிறது. அடுத்த மணிநேரம் புது ரெக்கார்டு வந்து எழுப்பும்போதுதான் பழைய பாக்கி வெளியே வருகிறது.

இங்கே பலர் எட்ஜ் டிரிகர் முறையை (புதுத் தகவல் வரும்போது மட்டும் எழுப்புவது) குறை சொல்லி லெவல் டிரிகருக்கு (வரிசையில் தகவல் இருக்கும் வரை எழுப்புவது) மாறுவார்கள். பயனில்லை. கர்னல் வரிசை காலி என்றால் லெவல் முறையிலும் எழுப்பல் கிடையாது. ஒரே வித்தியாசம், லெவல் முறையில் பாக்கி ஒரு தொகுப்பு அளவிலேயே நிற்கும். எட்ஜ் முறையில் ஒரு எழுப்பலுக்கு ஒரே ஒரு வாசிப்பு என்று எழுதியிருந்தால் பாக்கி கூடிக்கொண்டே போகும்.

நம்பிக்கை வராவிட்டால் ஓடுகிற சர்வரிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால் ஒரே சாக்கெட்டில் முதலில் 5 பைட் ரீட், அடுத்து 2417 பைட் ரீட், உடனே ஈபோல்_வெயிட் என்று வரிசையாகத் தெரியும். அந்த நேரத்தில் சாக்கெட் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் அந்த இணைப்பின் ரெசிவ்-கியூ (கர்னலின் வரவு வரிசை) 0 என்று காட்டினால் தகவல் உங்கள் புராசஸுக்குள்ளேயே இருக்கிறது. ரெசிவ்-கியூவில் எண் ஏறிக்கொண்டே போனால் அது வேறு கோளாறு: உங்கள் லூப் அந்த சாக்கெட்டைத் தொடவே இல்லை.

திருத்தம்: எழுப்பல் வந்தால், எஸ்எஸ்எல்_ரீட் "இனி இல்லை" என்று தானாகச் சொல்லும் வரை திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். படிக்கும் லூப்பின் உடம்பு இப்படி இருக்கட்டும்.

1. ஈஆர்ஆர்_கிளியர்_எரர் கூப்பிட்டுப் பிழை வரிசையைத் துடையுங்கள்.
2. பஃபரில் மீதி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் உள்ளதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். 0 நீளத்தோடு எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிடாதீர்கள்.
3. எஸ்எஸ்எல்_ரீட். விடை 0-க்கு மேல் என்றால் அவ்வளவு பைட்டையும் சேர்த்துக்கொண்டு 1-க்குத் திரும்புங்கள்.
4. விடை 0 அல்லது அதற்குக் கீழே என்றால், வேறு எந்த அழைப்பும் இடையில் நுழையாமல் எஸ்எஸ்எல்_கெட்_எரர். லாக் எழுதுவதும் அதற்கு அப்புறம்தான். எர்னோ (கடைசி சிஸ்டம் பிழை எண்) மதிப்பையும் அங்கேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
5. வான்ட்_ரீட் (இன்னும் தகவல் வர வேண்டும்) என்றால் லூப்பை விட்டு வெளியேறி ஈபோலுக்குப் போங்கள்.
6. வான்ட்_ரைட் (முதலில் எழுத வேண்டும்) என்றால் "வாசிப்பு எழுத்துக்குக் காத்திருக்கிறது" என்ற குறியை வைத்து, ஈபோல்அவுட் (எழுத இடம் இருந்தால் எழுப்பு) சேர்த்துவிட்டு வெளியேறுங்கள்.
7. ஜீரோ_ரிட்டர்ன் என்றால் எதிர்ப்பக்கம் முறைப்படி மூடிவிட்டது.
8. எரர்_சிஸ்கால், எரர்_எஸ்எஸ்எல் இரண்டும் முறிவு. அந்த இணைப்பில் இனி எதையும் கூப்பிடக் கூடாது, எஸ்எஸ்எல்_ஷட்டவுன் உட்பட. எஸ்எஸ்எல்_ஃப்ரீ, குளோஸ், அவ்வளவுதான்.

எஸ்எஸ்எல்_பெண்டிங் 0 ஆகும் வரை படித்தால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். லெவல் டிரிகர், முன்கூட்டியே அள்ளிப் படிக்கும் ரீட்-அஹெட் அணைந்த நிலை (இயல்பு நிலை அதுதான்) என்றால் போதும். எட்ஜ் டிரிகரில் போதாது: கையிலுள்ள ரெக்கார்டு தீர்ந்திருக்கும், அடுத்த ரெக்கார்டு கர்னலில் காத்திருக்கும், அதற்கான எழுப்பல் ஏற்கெனவே கழிந்திருக்கும். ரீட்-அஹெட் போட்டிருந்தால் இன்னும் சிக்கல். நூலகம் ஒரே மூச்சில் நிறைய அள்ளிக்கொள்ளும். இன்னும் பிரிக்காத ரெக்கார்டுகள் உள்ளே இருக்கும்போதும் எஸ்எஸ்எல்_பெண்டிங் 0 என்றே சொல்லும், ஏனென்றால் அது பிரித்த பைட்டுகளை மட்டும் எண்ணுகிறது. பிரிக்காததையும் சேர்த்துப் பார்க்க ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பில் எஸ்எஸ்எல்_ஹாஸ்_பெண்டிங் வந்தது. ஆனால் பாதி ரெக்கார்டு இருந்தாலும் அது 1 என்று சொல்லும். அதை நம்பி வொயில் லூப் போட்டால் மீதிப் பாதி வரும் வரை சிபியு சும்மா சுற்றும். ஆகவே வான்ட்_ரீட் வரை படிப்பது ஒன்றே எல்லா அமைப்பிலும் சரியாக நிற்கும் வழி. மற்றதெல்லாம் இந்த அமைப்பில் சரி, அந்த அமைப்பில் தப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் ரீட்-அஹெட்டைத் தட்டிவிடுவார், அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. ஈபோல் எழுப்புகிறது, எஸ்எஸ்எல்_ரீட் வான்ட்_ரீட் என்கிறது. தகவல் வந்துவிட்டது என்று கர்னல் சொன்னதே, ஏன் இல்லை? வந்தது ரெக்கார்டின் ஒரு துண்டு. சிக்னல் மங்கிய இடத்திலிருந்து கருவி 16 கேபி ரெக்கார்டு ஒன்றை அனுப்பினால், 1400 பைட் துண்டுகளாக அது ஒரு டஜன் பாக்கெட்டாக வரும். கடைசித் துண்டு வரும் வரை ஒவ்வொரு எழுப்பலுக்கும் விடை வான்ட்_ரீட்தான். இது பிழையே இல்லை, லாகில் எழுதவும் வேண்டாம். கருவி நிரல் உங்கள் கையில் இருந்தால் ரெக்கார்டை 1300 பைட் அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு ரெக்கார்டு ஒரு பாக்கெட்டில் அடங்கும். பாதியில் இணைப்பு போனாலும் அதுவரை வந்தவை கைக்குக் கிடைத்திருக்கும். துண்டு வந்தால் மட்டும் என்றில்லை, டிஎல்எஸ்ஸின் சொந்த விவகாரச் செய்தி வந்தாலும் இப்படி நடக்கும். டிஎல்எஸ் 1.3-இல் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முடிந்த கையோடு ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் இயல்பாக இரண்டு செஷன் டிக்கெட் (அடுத்த முறை சீக்கிரம் இணைய உதவும் சீட்டு) அனுப்பும். கருவிப் பக்கத்தில் சாக்கெட் தயார் என்று காட்டும், பயனர் தகவல் ஒரு பைட்டும் இருக்காது.

வாசிக்கப் போன இடத்தில் வான்ட்_ரைட் ஏன் வரும் என்பது பலருக்குப் புரியாத இடம். டிஎல்எஸ் 1.2 வரை ரீநெகோஷியேஷன் (இணைப்பின் நடுவே மறுபடி ஹேண்ட்ஷேக்) இருந்தது. எதிர்ப்பக்கம் கேட்டால் நூலகம் வாசிப்பின் நடுவே பதில் எழுத வேண்டியிருக்கும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதை எடுத்துவிட்டது. ஆனால் கீ-அப்டேட் என்று ஒன்று இருக்கிறது: "நானும் சாவியை மாற்றிவிட்டேன், நீயும் மாற்று" என்று எதிர்ப்பக்கம் கேட்டால் இந்தப் பக்கமும் ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். அந்தப் பதிலை ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அடுத்த எஸ்எஸ்எல்_ரைட் வரை தள்ளிவைக்கும், வாசிப்பு அதற்காக நிற்காது. டிஎல்எஸ் 1.2 இணைப்பில் அப்படி இல்லை: எழுதும் பஃபர் நிரம்பியிருந்தால் வாசிப்பு அங்கே நிற்கும். அப்போது ஈபோல்இன் (படிக்க ஏதாவது வந்தால் எழுப்பு) மட்டும் வைத்துக் காத்திருந்தால் அந்த இணைப்பு செத்த மாதிரி கிடக்கும். இணைப்புக்கான ஸ்ட்ரக்டில் இரண்டு குறி வையுங்கள்: வாசிப்பு எழுத்துக்குக் காத்திருக்கிறது, எழுத்து வாசிப்புக்குக் காத்திருக்கிறது. ஈபோல்அவுட் வந்தால் முதல் குறியைப் பார்த்து எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிடுங்கள். ஈபோல்இன் வந்தால் இரண்டாவது குறியைப் பார்த்து எஸ்எஸ்எல்_ரைட். எழுத்தை மறுபடி கூப்பிடும்போது அதே முகவரி, அதே நீளம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் "பேட் ரைட் ரீட்ரை" என்று முறித்துவிடும். பஃபர் இடம் மாறக்கூடியது என்றால் ஆக்செப்ட்_மூவிங்_ரைட்_பஃபர் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள்; முகவரி மாறலாம், உள்ளடக்கம் மாறக் கூடாது.

இனி அந்த நூறு சதவீதம். மூன்று இடத்தில் தேடுங்கள். ஈபோல்அவுட்டை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறீர்களா? லெவல் முறையில் சாக்கெட் எப்போதுமே எழுதத் தயாராகத்தான் இருக்கும், ஈபோல்_வெயிட் ஒரு நொடிகூடத் தூங்காது. வேண்டும்போது சேர்த்து, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வான்ட்_ரீட் வந்ததும் ஈபோலுக்குப் போகாமல் அங்கேயே திரும்பக் கூப்பிடுகிறீர்களா? மூன்றாவது, இதுதான் அதிகம்: 0 அல்லது அதற்குக் கீழே வந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று ஒரே கிளையில் தள்ளிவிடுவது. எதிர்ப்பக்கம் மூடிய சாக்கெட் என்றென்றும் "படிக்கத் தயார்" என்றே காட்டும். ஜீரோ_ரிட்டர்ன் வந்தும் அதை மூடாமல் வைத்திருந்தால் லூப் அதையே சுற்றிச் சுற்றி வரும். "எப்போதாவது" நடக்கிறது என்று கேள்வியில் இருப்பதைப் பார்த்தால், ஏதோ ஒரு கருவி இணைப்பை மூடும் நேரம்தான் அது என்று தோன்றுகிறது.

பிழை வரிசையைத் துடைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த வரிசை இணைப்புக்கு ஒன்று அல்ல, திரெட்டுக்கு ஒன்று. எஸ்எஸ்எல்_கெட்_எரர் விடையைத் தீர்மானிக்கும்போது அந்த வரிசையையும் பார்க்கிறது. ஒரு கருவியின் சான்றிதழ் தப்பாகி எஸ்எஸ்எல்_அக்செப்ட் தோற்று, அந்தப் பிழை துடைக்கப்படாமல் கிடந்தால், அடுத்து வேறொரு நல்ல இணைப்பு வான்ட்_ரீட் சொல்ல வேண்டிய இடத்தில் எரர்_எஸ்எஸ்எல் என்று வரும். தப்பே செய்யாத கருவியின் இணைப்பை அறுப்பீர்கள். லாகைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் பிழைச் செய்தி வேறு கருவியுடையது. வயல்வெளிக் கருவிகளில் இது கற்பனை இல்லை: கடிகார பேட்டரி செத்த கருவி மின்சாரம் போய் வந்ததும் 1970 ஜனவரியில் விழித்தெழும். அதன் கணக்கில் சர்வரின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை. ஹேண்ட்ஷேக்கை முறித்து அலர்ட் அனுப்பும், உங்கள் பக்கத்தில் பிழை வரிசையில் ஒன்று ஏறும். மணிக்கணக்கில் இதையே திரும்பத் திரும்பச் செய்யும்.

மூடல் பற்றி. முறையான மூடல் என்றால் குளோஸ்-நோட்டிஃபை அலர்ட் வரும், ஜீரோ_ரிட்டர்ன் கிடைக்கும். அது இல்லாமல் டிசிபி மட்டும் மூடினால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-க்கு முன் எரர்_சிஸ்கால், எர்னோ 0. 3.0 முதல் எரர்_எஸ்எஸ்எல், காரணம் "அன்எக்ஸ்பெக்டட் ஈஓஎஃப்". பழைய பதிப்புக்கு எழுதிய நிரலைப் புது நூலகத்தோடு ஓட்டி "திடீரென்று பிழை கூடிவிட்டது" என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள். இக்னோர்_அன்எக்ஸ்பெக்டட்_ஈஓஎஃப் என்று ஒரு வசதி இருக்கிறது, போடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் நீளம் இருந்தால் முழுசா, அறுந்ததா என்று நீங்களே சொல்லிவிடலாம்: முழுசானதை வைத்துக்கொள்ளுங்கள், அறுந்ததை எறிந்துவிடுங்கள், ஏற்பு வராததைக் கருவி மறுபடி அனுப்பட்டும். ரெக்கார்டு எல்லையைத் தொகுப்பின் எல்லையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒரு எஸ்எஸ்எல்_ரைட் ஒரு எஸ்எஸ்எல்_ரீட் ஆக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மூடலே வராமல் போவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய், டவரும் போனால் கருவி ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துவிடும். சர்வர் பக்கத்தில் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தெரியும். லினக்ஸின் கீப்-அலைவ் இயல்பு அமைப்பு 7200 விநாடி காத்திருந்து, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் இரண்டேகால் மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சாக்கெட்டில் கீப்-அலைவைப் போட்டிருந்தால் மட்டும். நிரலில் ஒவ்வொரு இணைப்புக்கும் கடைசியாகப் பேசிய நேரத்தை வைத்துக்கொண்டு நீங்களே மூடுவது மேல். ஹேண்ட்ஷேக்குக்குத் தனியாக 30 விநாடி கெடு வையுங்கள்.

பிறகு கரண்ட் வரும்போது எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் இணைந்து, தேக்கி வைத்திருந்த அளவுகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளும். அங்கேதான் "வான்ட்_ரீட் வரை படி" என்ற விதிக்கு ஒரு வரம்பு தேவைப்படுகிறது. வேகமான ஒரு இணைப்பு வான்ட்_ரீட் சொல்லாமலே தந்துகொண்டிருந்தால் மற்றவை பட்டினி கிடக்கும். ஒரு சுற்றில் ஒரு இணைப்புக்கு 64 கேபி என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் அந்த இணைப்பை உங்கள் சொந்த "இன்னும் இருக்கிறது" பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பட்டியலில் யாராவது இருக்கும் வரை ஈபோல்_வெயிட்டின் காத்திருப்பு நேரம் 0. இதை மறந்து வரம்பை மட்டும் வைத்தால் பழைய கோளாறே புது வேஷத்தில் திரும்பி வரும். கருவிகள் மறுபடி இணைவதற்கு முன் ஒன்றிலிருந்து 120 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கும்படி செய்தால் ஹேண்ட்ஷேக் நெரிசலும் குறையும்.

இரண்டு சின்ன விஷயம். லினக்ஸில் கேட்கும் சாக்கெட் நான்-பிளாக்கிங் என்பதால் அக்செப்ட் தரும் சாக்கெட் நான்-பிளாக்கிங் ஆகிவிடாது. அக்செப்ட்4 அழைப்பில் சாக்_நான்பிளாக் கொடுங்கள். சிக்பைப் சிக்னலைப் புறக்கணியுங்கள், இல்லாவிட்டால் அறுந்த இணைப்பில் ஒரு எஸ்எஸ்எல்_ரைட் முழு சர்வரையும் சாய்த்துவிடும்.

திருத்திய பிறகு சோதிக்க எளிய வழி: வாசிக்கும் பஃபரை 7 பைட்டாகக் குறைத்து ஓட்டுங்கள். 60 அளவும் உடனடியாக வந்தால் லூப் சரி. ஒன்று தங்கினாலும் எங்கோ சீக்கிரம் வெளியேறுகிறீர்கள். அடுத்து ஓப்பன்எஸ்எஸ்எல் கூடவே வரும் எஸ்_கிளையன்ட் கருவியால் டிஎல்எஸ் 1.3-இல் இணைந்து, வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து கே ஒன்றை மட்டும் தட்டுங்கள். அது கீ-அப்டேட் அனுப்பி, பதிலும் கேட்கும். அதற்குப் பின் அனுப்பும் வரியும் சர்வருக்கு வந்து சேர வேண்டும். கடைசியாக, எஸ்_கிளையன்டை கில் -9 கொடுத்துச் சாய்த்துவிட்டு டாப் கட்டளையில் சிபியுவைப் பாருங்கள். ஏறாமல் இருந்தால் மூடும் கிளையும் சரியாக இருக்கிறது.